மாதம் நிறையும் வரை

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்று நம் வீடுகளில் மூத்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இந்த நம்பிக்கை நம் தேசத்துக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். புராதன கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் நூல்களுள் எட்டாம் மாதச் சிசுவைப் பற்றியே தனியாக ஒரு நூல் இருக்கிறதென்றால், எத்தனை தேசங்களில், எத்தனை காலமாக, எத்தனை தாய்மார் இந்த வார்த்தையைக் கேட்டு மனம் கலங்கியிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். உண்மை இதற்கு நேர் விரோதமானது. கர்ப்பத்தில் கழிகிற ஒவ்வொரு வாரமும் சிசுவின் நுரையீரலுக்கும் மூளைக்கும் குடலுக்கும் பலம் சேர்க்கிறது. ஆகையால் எட்டாம் மாதத்தில் பிறந்தது ஏழாம் மாதத்தில் பிறந்ததைக் காட்டிலும் பிழைப்பதற்கு அதிகத் தகுதி உடையது. ஆயினும் 2010ஆம் ஆண்டு ஐப்பசி மாதத் தொடக்கத்தில், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே போட்டிருந்த நீண்ட பெஞ்சியில், ஏழாம் மாதத்தில் பெற்ற என்னைத் தேற்றுவதற்கும், எட்டாம் மாதத்தில் பெற்றுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரமக்குடிப் பெண்ணின் மனத்தை ஒடிப்பதற்கும் அந்த ஒரே நம்பிக்கைதான் பயன்பட்டது.

"உனக்கு ஏழு மாசம், தாயி. உன் பிள்ளை நின்டு பிடிச்சுக்கிரும்" என்று என் தலையைத் தடவிய அந்தப் பெண்ணின் மாமியார், தன் மருமகளைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்ட மனம் படைத்தவர் அல்லர். தாம் கேட்டு வளர்ந்ததை அவர் நம்பினார். நம்பியதனால், பிழைக்கப் போகாத பேரனிடம் பாசம் வைத்து ஏமாறாதபடி மருமகளைக் காக்க வேண்டுமென்று நினைத்தார். அந்தக் குழந்தை என் குழந்தையைவிட நெடுநாள் முன்னதாகவே, தானே பால் குடித்துக்கொண்டு, வீடு போய்ச் சேர்ந்தது. அதுவரைக்கும் அந்தத் தாய் பட்ட வேதனையில் பாதி நோயினால் வந்தது. மறு பாதி இந்தச் சொல்லினால் வந்தது.

எனக்கு அது தலைப்பிரசவம். ஐந்து மாதம் வரையில் ஒரு குறையும் இல்லை. ஆறாம் மாத முடிவில் கால் வீங்கத் தொடங்கியபோது, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது சகஜம் என்று எல்லாரும் சொன்னார்கள். வளைகாப்புக்கு நாள் குறித்து, கண்ணாடி வளையல்களைக் கூட என் அம்மா புது மண்டபத்தில் வாங்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அந்த வளையல்களை நான் போட்டுக்கொள்ள வாய்க்கவில்லை. தலைவலி பொறுக்க முடியாமற் போய், கண் முன்னே மினுமினுப்புத் தோன்றி, வைத்தியரிடம் போனபோது இரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருந்தது. சிறுநீரில் புரதமும் கலந்து போயிற்று. கர்ப்பத்தினால் உண்டாகும் இந்த நோய்க்குப் பிரசவம் ஒன்றே முடிவான பரிகாரம் என்றும், தாமதித்தால் வலிப்புக் கண்டு இரண்டு உயிருக்கும் ஆபத்து நேரலாம் என்றும் அந்த அம்மையார் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஊசிகள் போட ஏற்பாடு செய்தார்கள்.

அந்த ஊசியைப் பற்றிப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. நியூஸிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில், லிக்கின்ஸ் என்னும் மகப்பேற்று வைத்தியர், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவிலேயே ஸ்டீராய்டு மருந்து செலுத்தப்பெற்ற ஓர் ஆட்டுக்குட்டி, பிறந்தவுடன் மடிந்திருக்க வேண்டிய அத்தனை குறைந்த மாதத்தில் பிறந்தும், மூச்சு விட்டுக்கொண்டிருப்பதை அவர் கண்டார். தேடியது ஒன்று, கண்டது மற்றொன்று. கண்டதை அலட்சியம் செய்யாமல், ஹோவி என்னும் குழந்தை வைத்தியரைத் துணை சேர்த்துக்கொண்டு, கர்ப்பிணிகளுக்கு அதே வகை மருந்தைக் கொடுத்துப் பரிசோதித்து, குறைமாதச் சிசுக்களின் சுவாச நோயையும் மரணத்தையும் அது குறைக்கிறது என்று 1972ஆம் ஆண்டில் அவ்விருவரும் வெளியிட்டார்கள். எங்கேயோ பூமியின் தென்கோடியில் ஓர் ஆட்டுப்பட்டியில் கிடைத்த அந்த ஞானம், நாற்பது வருஷத்துக்குள் வைகைக் கரையில் எனக்குப் பிறக்கவிருந்த பெண்ணின் மார்புக்கு வந்து சேர்ந்தது.

இருபத்தொன்பதாம் வாரத்தில், அறுவைச் சிகிச்சையினால், 1,120 கிராம் எடையில் அவள் பிறந்தாள். அழுத குரல் எனக்குக் கேட்கவில்லை. மேஜைக்கு அப்பால் பச்சை உடை அணிந்த நாலைந்து பேர் குனிந்து நின்றதும், யாரோ ஒருவர் விரைந்து கதவைத் திறந்ததும்தான் என் நினைவில் இருக்கின்றன. அன்றிரவே குழந்தையின் நுரையீரல் விரியவில்லையென்று சொல்லி, சர்ஃபாக்டன்ட் என்னும் மருந்து வேண்டுமென்று சீட்டெழுதிக் கொடுத்தார்கள். மூச்சுப்பைகள் ஒவ்வொரு முறையும் சுருங்கி ஒட்டிக்கொண்டுவிடாதபடி காக்கிற ஒரு வழுவழுப்பான பொருளை முதிர்ந்த நுரையீரல் தானே சுரந்துகொள்கிறது; முதிராத நுரையீரலுக்கு அந்தச் சக்தி இல்லை. மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்துப் பக்குவம் செய்த அந்தப் பொருளை மூச்சுக் குழாய் வழியாக உள்ளே செலுத்துகிறார்கள். சிறிய குப்பிதான், கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்த என் கணவரின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்குப் போயிற்று. அவர் அதை இரண்டு கைகளாலும் பொத்தி எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறியதை என் மாமியார் பல தடவை சொல்லியிருக்கிறார்.

1963 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தது. அதன் எடை இரண்டு கிலோவுக்கும் மேல். என் மகளைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. இதே சுவாச நோய் கண்டு, பாஸ்டன் நகரத்து நிபுணர்கள் அத்தனை பேரும் சூழ்ந்து நிற்க, பிறந்து 39 மணி நேரத்தில் அது இறந்துபோயிற்று. அந்த நோய்க்குக் காரணம் இன்ன பொருளின் குறைவு என்று மேரி எலன் ஏவரி என்னும் பெண் வைத்தியர் 1959ஆம் ஆண்டிலேயே கண்டு சொல்லியிருந்தார். ஆனால் அப்பொருளைச் சிசுக்களுக்குக் கொடுத்து வெற்றி கண்ட செய்தியை ஜப்பானிய வைத்தியர் ஃபுஜிவாரா வெளியிட்டது 1980இல்தான். உலகத்தின் மிகப் பெரிய ஐசுவரியமும் அதிகாரமும் வாங்கித் தர முடியாத ஒன்றை, ஒரு வங்கி எழுத்தர் மதுரையில் மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி வாங்கி வந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், முகம் அறியாத அந்த ஆராய்ச்சியாளர்கள் எல்லாரிடமும் எனக்கு ஒரு பந்துத்துவம் தோன்றுகிறது.

என் மகளை நான் கண்டது, என் இரத்த அழுத்தம் அடங்கி, சக்கர நாற்காலியில் உட்கார வல்லமை வந்த பிற்பாடுதான். அதற்குள் அவள் தந்தை அவளைப் பார்த்திருந்தார். பாட்டிமார் இருவரும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருந்தார்கள். பெற்றவள் மட்டும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி, கையை முழங்கை மட்டும் சோப்பிட்டுக் கழுவி, மேலங்கி போட்டுக்கொண்டு உள்ளே போனேன். வரிசையாக வார்மர்கள், அவற்றின் மேல் எரியும் சூட்டு விளக்குகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் எண்கள் ஓடுகிற மானிட்டர். வெற்றிலைக் கொழுந்தில் நரம்பு தெரிவதைப் போல அவள் வயிற்றுத் தோலின் கீழே இரத்தக் குழாய்கள் தெரிந்தன. தோளிலும் முதுகிலும் மெல்லிய ரோமம் படர்ந்திருந்தது. காது மடலில் குருத்தெலும்பு இன்னும் முதிரவில்லை. மடித்தால் மடிந்தபடியே கிடக்கும் என்று நர்ஸ் சொன்னார். கால் கட்டைவிரலில் சிவப்பு வெளிச்சம் உமிழும் ஒரு சிறு பட்டி, மூக்கில் குழாய், வாயில் குழாய், தொப்புளில் குழாய். மார்மேல் தொங்கிய அட்டையில் அவளுக்குப் பெயர் இல்லை. என் பெயரை எழுதி, அதற்கு முன்னால் 'பேபி ஆஃப்' என்று சேர்த்திருந்தார்கள். நான் ஆட்காட்டி விரலை நீட்டினேன். தட்டக் கூடாது, தடவவும் கூடாது, அந்தத் தோலுக்கு அது தாங்காது, கையை அசையாமல் மேலே வைத்தால் போதும் என்று நர்ஸ் கற்றுக் கொடுத்தார். உள்ளங்கையை வைத்தேன், தலையிலிருந்து இடுப்பு வரையில் என் கைக்குள் அடங்கியது. அந்த க்ஷணத்திலேயே, "நேரமாச்சும்மா" என்று சொல்லி என்னை வெளியே அழைத்து வந்துவிட்டார்கள்.

கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் பார்வையாளர் நேரம் என்று தலைப்பிட்டு, காலையில் ஒரு வேளையும் மாலையில் ஒரு வேளையுமாகச் சில நிமிஷங்கள் குறித்திருந்தது. பழங்களோடு வந்துபோகிற தூரத்து உறவினருக்கும் பெற்ற தாய்க்கும் சேர்த்து அந்த ஒரே விதி. அந்த மருத்துவமனையார் கொடுமைக்காரர்கள் அல்லர். கிருமி நுழைந்துவிடும் என்கிற நியாயமான பயத்தினால் அப்படி விதித்திருந்தார்கள். அக்காலத்தில் நான் அறிந்த மருத்துவமனைகள் பலவற்றில் அதுவே வழக்கம். ஆனால் அந்தக் காகிதத்தைப் படித்துப் படித்து, என் குழந்தைக்கு நான் ஒரு பார்வையாளர்தான் போலும் என்று என் புத்தியும் ஒப்புக்கொள்ளத் தொடங்கியது. இதுவே அந்த நாட்களின் ஆகப் பெரிய துன்பம் என்று இன்றைக்கும் கருதுகிறேன். நோயைப் பற்றிய பயம் எவ்வளவு பெரிதாயினும் அதில் செய்வதற்கு ஏதாவது இருக்கும். தனக்கு அங்கே காரியமே இல்லை என்கிற எண்ணம் தாயை உள்ளுக்குள்ளே அழித்துவிடுகிறது.

எனக்குக் காரியம் இருக்கிறதென்று முதலில் உணர்த்தியது பால். பிரசவித்த பெண்களுக்காக ஒதுக்கியிருந்த ஓர் அறையில், சுவரைப் பார்த்தபடி முக்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, வெந்நீரில் கொதிக்க வைத்த சிறு எவர்சில்வர் கிண்ணங்களில், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், இரவிலும் விடாமல், கையாலேயே பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். முதல் நாட்களில் கிண்ணத்தின் அடி நனைகிற அளவுதான் வரும். "இது போதும்மா, இப்ப உங்க பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ரெண்டு மில்லிதான்" என்று நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருவர் சொல்லி, அந்த மஞ்சள் நிறச் சீம்பாலைச் சொட்டும் சிந்தாமல் ஊசிக்குழலில் உறிஞ்சிக்கொண்டு போவார். ஊசியில்லாத அந்தக் குழலை வாய் வழியே இரைப்பைக்குப் போகும் குழாயில் பொருத்தி உயர்த்திப் பிடித்தால் பால் தானாக இறங்கும். குறைமாதத்தில் பெற்றவளின் பாலில், நிறைமாதத்தில் பெற்றவளின் பாலைவிடப் புரதம் கூடுதலாக இருக்கும் என்பதையும், குடல் அழுகிப்போகும் கொடிய வியாதியிலிருந்து இந்தச் சிசுக்களைத் தாய்ப்பாலே பெருமளவுக்குக் காக்கிறது என்பதையும் அங்கேதான் கேட்டறிந்தேன். என் அத்தை ஊரிலிருந்து பூண்டும் பால்சுறாவும் முருங்கைக்கீரையும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு மில்லி மூன்றாயிற்று, ஐந்தாயிற்று. ஒரு நாள் பச்சையாகக் கக்கினாள் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். முதல் வாரத்தில் 985 கிராமுக்கு இறங்கிய எடை பிறந்த எடைக்குத் திரும்பி வர எவ்வளவோ காலம் பிடித்தது. எடை போடும் வேளையில் வெளியே நின்ற பெற்றோர் ஒருவரும் ஒருவரோடும் பேசமாட்டார்கள்.

தீபாவளி அங்கேயே கழிந்தது. தெருவில் வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உள்ளே குழந்தைகள் திடுக்கிட்டுக் கைகால்களை விரிக்கும். சிலதுக்கு மூச்சும் நிற்கும். குறைமாதச் சிசுவின் மூளை சில சமயம் சுவாசிக்க மறந்துபோகிறது. இருபது விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் நாடித் துடிப்பும் இறங்கி, மானிட்டர் அலறத் தொடங்கும். நர்ஸ் ஓடி வந்து உள்ளங்காலைச் சுண்டுவார்; குழந்தை ஒரு முறை விசும்பிவிட்டு மறுபடியும் மூச்சு விடும். இதற்குத் தினந்தோறும் கொடுத்த மருந்து கஃபீன். காப்பியில் இருக்கிறதே, அதே பொருள். பெரிய டாக்டர் அதைச் சொன்னபோது, விடிந்ததும் காப்பி குடித்தால்தான் பொழுது புலரும் என்கிற எங்கள் குடும்பத்து மூத்தவர்கள் முகத்தில் அநேக நாளைக்குப் பிறகு ஒரு தெளிவைக் கண்டேன். எத்தனையோ பெயர் புரியாத மருந்துகளுக்கு நடுவில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்ட சந்தோஷம் அது.

அந்தப் பால் அறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாதி, மதம், படிப்பு, பணம் ஆகிய எந்த வித்தியாசமும் அங்கே செல்லுபடியாகவில்லை. பரமக்குடியிலிருந்து வந்த நெசவாளர் வீட்டுப் பெண்ணும், கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த நானும், கடை முதலாளியின் மருமகளும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசினோம்: இன்றைக்கு எத்தனை கிராம், எத்தனை மில்லி. தேனிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருத்திக்குத்தான் எங்கள் எல்லாரிலும் பால் அதிகம். அவள் குழந்தைக்கு இருபத்தாறு வாரம். மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு ஒரு விடியற்காலையில் இறந்துவிட்டது. மறுநாள் அவள் தன் கிண்ணத்தை எடுத்துக்கொள்ள வந்தாள். மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. "அக்கா, இந்தப் பாலை வேற பிள்ளைக்குக் குடுக்கலாமான்னு கேளுங்களேன்" என்று என்னிடம் சொன்னாள். போய்க் கேட்டேன். அங்கே அதற்கு வசதி இல்லை என்றார்கள். மும்பையில் சயான் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் என்னும் வைத்தியர் 1989ஆம் ஆண்டிலேயே தாய்ப்பால் வங்கியை நிறுவி, கொடையாகப் பெற்ற பாலைச் சூடுபடுத்திச் சுத்திகரித்து, பாலில்லாத தாய்மாரின் குழந்தைகளுக்குக் கொடுத்துவந்தார் என்பதை அன்று நான் அறியேன். தமிழ்நாட்டில் இப்போது அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் அத்தகைய வங்கிகள் வந்திருக்கின்றன. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று தேனிப் பெண்ணைத்தான் நினைத்தேன். அவள் கொடுக்க விரும்பியதை வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருந்திருந்தால், அவளுடைய துக்கம் குறைந்திராது. ஆனால் அவள் வெறுங்கையாகத் திரும்பியிருக்கமாட்டாள்.

தீபாவளி கழிந்து சில தினங்களில், மூச்சுக் குழாய்கள் எல்லாம் எடுக்கப்பட்டு மூக்கில் சிறிது பிராணவாயு மட்டும் போய்க்கொண்டிருந்த நிலையில், பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்குக் குளிச்சிட்டு, முன்பக்கம் திறக்கிற ஜாக்கெட் போட்டுட்டு வாங்க. பிள்ளையை உங்க நெஞ்சுல போட்டுவிடுறோம்" என்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள், சாய்வான நாற்காலி ஒன்றை வார்மருக்கு அருகில் போட்டு, தொப்பியும் இடைத்துணியும் மட்டும் அணிந்த குழந்தையை, தவளை போலக் கைகால் மடித்து, என் மார்புக் குழியில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் சுற்றிக் கட்டினார்கள். சற்று நேரம் துடித்தாள், பிறகு அடங்கினாள். மானிட்டரில் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த எண் ஒரே நிலையில் நின்றது. நர்ஸ் பிராணவாயுவின் அளவைக் குறைத்துவிட்டு, "பாருங்கம்மா, உங்ககிட்ட வந்ததும் கேக்குறதே கம்மியாயிருச்சு" என்றார். அது வரையில் எத்தனையோ உபகரணங்கள் பிரயத்தனப்பட்டுச் செய்துவந்த காரியத்தை என் உடம்பு வெறுமனே உட்கார்ந்தபடி செய்தது. அன்று முதல் என்னைக் கதவில் யாரும் தடுக்கவில்லை; அந்தக் காகிதம் மட்டும் அங்கேயே ஒட்டியிருந்தது.

கங்காரு பராமரிப்பு என்று இப்போது எல்லாரும் வழங்குகிற இந்த முறை, வசதி மிகுந்த தேசம் எதிலும் தோன்றவில்லை. கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் ஏழைகளுக்கான ஒரு பிரசவ மருத்துவமனையில், இன்குபேட்டர் போதாமல் ஒன்றுக்குள் இரண்டு மூன்று சிசுக்களைக் கிடத்தி, ஒன்றன் நோய் மற்றொன்றுக்குத் தொற்றி இறந்துகொண்டிருந்த காலத்தில், எட்கார் ரே என்னும் வைத்தியர் 1978ஆம் ஆண்டில் சிசுவைத் தாயின் மார்பிலேயே கட்டி வளர்க்கும் வழியைத் தொடங்கினார். அதற்கு வெகுகாலம் முன்னதாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பாரிஸ் நகரத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு டார்னியே என்பவர் சிசுக்களுக்கு இன்குபேட்டரை அமைத்தபோது, அவருடைய சீடர் பியேர் புதான், குழந்தையை விட்டுப் பிரித்து வைக்கப்படும் தாய்மார் நாளடைவில் அதன்பால் சிரத்தையே இழந்துவிடுகிறார்கள் என்பதைக் கவனித்து எழுதி, அவர்களை உள்ளே வரவழைத்துப் பாலூட்டச் செய்தார். அந்த எச்சரிக்கையைப் பிற்காலத்தவர் மறந்தார்கள். யந்திரம் வளர வளரத் தாய் கதவுக்கு வெளியே போனாள்.

தந்தையின் மார்பும் இதற்குப் போதும் என்பதை அநேகர் அறியமாட்டார்கள். எனக்குக் காய்ச்சல் கண்டிருந்த நாட்களில், என் கணவர் வங்கியிலிருந்து நேரே வந்து, குளித்து, சட்டையைக் கழற்றிவிட்டு அந்த நாற்காலியில் உட்காருவார். பேச்சே குறைவான மனிதர். மார்பில் கிடந்த அந்தச் சிறு உயிருக்குக் கேட்கும்படி, அன்றைக்கு வங்கியில் யார் நகை அடகு வைத்தார்கள், வைகையில் தண்ணீர் எவ்வளவு வந்திருக்கிறது என்றெல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அவளுக்கு அவர் குரல் தெரியும் என்று நர்ஸ்கள் சொன்னார்கள். இன்றைக்கும் மகள் எந்தச் செய்தியையும் முதலில் சொல்வது தந்தையிடந்தான்.

கண் பரிசோதனையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குற்றமாகும். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் நிறைமாதத்தில்தான் ஓரம் வரை பரவி முடிகின்றன. முன்கூட்டிப் பிறந்த சிசுவுக்கு அந்த வளர்ச்சி தடைப்பட்டுத் தாறுமாறாகி, விழித்திரையே பிரிந்து பார்வை போய்விடலாம். பிராணவாயுவை அளவு மீறிக் கொடுத்தால் அபாயம் இன்னும் அதிகம். 1940களிலும் 50களிலும் மேனாட்டில் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகள் குருடானது இதனாலேதான். உரிய காலத்தில் கண்டுவிட்டால் லேசர் சிகிச்சையால் தடுத்துவிடலாம்; காலம் தவறினால் பிறகு வழியில்லை. இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையிலோ, முப்பத்துநான்கு வாரத்துக்கு முன்னரோ பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும், பார்வைக்கு எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும், பிறந்து ஒரு மாதத்துக்குள் கண் மருத்துவர் விழித்திரையைச் சோதித்தாக வேண்டும். ஒரு தடவை பார்த்து நன்றாயிருக்கிறது என்றால் போதாது. அவர் சொல்கிற நாளிலெல்லாம் மறுபடி போக வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்ட மகிழ்ச்சியில், பச்சைக் குழந்தையை வெளியே எடுக்கக் கூடாது என்கிற சாஸ்திரத்தை நினைத்து, இதைத் தள்ளிப்போடுகிற குடும்பங்களை நான் அறிவேன்.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது என்னும் மூன்றையும் ஒன்றோடொன்று மோதாமல் செய்கிற திறமை முப்பத்துநான்காம் வாரம் அளவில்தான் சிசுவுக்குக் கைகூடுகிறது. அது வரும்வரை பாலாடைதான். நம் பாட்டிமார் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வைத்திருந்த அதே மூக்குள்ள சிறு பாத்திரம், தீவிர சிகிச்சைப் பிரிவில் எவர்சில்வரில் வரிசையாக அடுக்கியிருந்ததைக் கண்டு என் அம்மா அடைந்த பெருமைக்கு அளவில்லை. யந்திரங்களுக்கு நடுவே தன் கைக்குப் பழகிய ஒன்றைக் கண்டதும், அவளுடைய தயக்கமெல்லாம் போய், நர்ஸ்களுக்கே சாய்த்துப் பிடிக்கும் வாகைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள்.

மார்கழி பிறந்த பிறகு, 1,800 கிராம் எடையோடு வீட்டுக்கு வந்தாள். அப்போதும் அவள் பிறந்திருக்க வேண்டிய நாள் வரவில்லை. பார்க்க வந்தவர்கள், ரெண்டு மாசத்துப் பிள்ளை இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லையே என்று கேட்டார்கள். குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியை மதிப்பிடும்போது, மாதம் நிறைந்து பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டுமென்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்ததனால் நான் கலங்காமல் இருந்தேன். எல்லாத் தாய்மாருக்கும் இதை யாராவது சொல்லி அனுப்புகிறார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணால் கண்டதற்கு, பத்து வருஷம் கழித்துப் பெரிய அளவில் சான்று கிடைத்தது. தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையிலும், கானா, மலாவி, நைஜீரியா, தான்ஸானியா ஆகிய தேசங்களிலும், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட மூவாயிரத்துக்கு மேற்பட்ட சிசுக்களை வைத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2021இல் வெளிவந்தது. சிசு நிலைப்படட்டும் என்று காத்திராமல், பிறந்தவுடனேயே தாயின் மார்பில் சேர்த்து, தாயும் சேயும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே ஒன்றாக வைக்கப்பட்டபோது, இருபத்தெட்டு நாளுக்குள் இறந்தவை நூற்றுக்கு 12. பழைய முறைப்படி நிலைப்பட்ட பிறகு மார்பில் சேர்க்கப்பட்டவற்றுள் இறந்தவை நூற்றுக்கு 15.7. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததனால், பழைய முறையைத் தொடர்வது தர்மமன்று என்று ஆராய்ச்சியையே இடையில் நிறுத்திவிட்டார்கள். எந்தக் கிருமிக்கு அஞ்சித் தாயை வெளியே நிறுத்தினோமோ, அந்தக் கிருமித் தொற்றின் ஐயமும் தாயோடு இருந்த சிசுக்களிடம் குறைவாகவே காணப்பட்டது.

என் மகள் இப்போது பள்ளிப்படிப்பை முடிக்கும் வயதை எட்டிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடி அணிந்திருக்கிறாள், மற்றபடி ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்றும் பல ஊர்களில் சிசுப் பிரிவின் கதவுக்கு வெளியே தாய்மார் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மருத்துவமனைகளை நடத்துகிறவர்களையும், புதிதாகச் சிசுப் பிரிவு கட்டுகிற பொறியாளர்களையும், அதற்குப் பணம் ஒதுக்குகிற அதிகாரிகளையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: யந்திரங்களுக்கு இடம் குறிக்கிறபோதே, ஒவ்வொரு வார்மருக்கும் பக்கத்தில் தாய்க்கு ஒரு கட்டிலும், கை கழுவ ஒரு குழாயும், தந்தை உட்கார ஒரு சாய்வு நாற்காலியும் வரைபடத்தில் சேர்த்துக் குறியுங்கள், கதவில் ஒட்டியிருக்கும் பார்வையாளர் பட்டியலிலிருந்து அவர்கள் இருவரையும் எடுத்துவிடுங்கள்.